பன்னிரண்டாவது ஆள்

சின்னமனூர் மாதா கோயில் ஹாலில் நான் நடத்திய செஸ் போட்டிக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள். ஒற்றைப்படையாக இருந்தால் சுற்றுக்கு ஒருவர் ஆடாமல் உட்கார வேண்டும். அதனால் ஏழு வயது பெனிட்டாவோடு துணைக்கு வந்திருந்த அவள் அம்மா மெர்லினையும் சேர்த்துக்கொண்டேன். தாயும் மகளும் முதல் மூன்று சுற்றிலும் தோற்றார்கள். ஒரே புள்ளியில் இருப்பவர்களைத்தான் மோதவிட வேண்டும். கடைசிச் சுற்றில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

மகள் வெட்டுகிற இடத்தில் மெர்லின் ராணியைக் கொண்டுபோய் வைத்தார். பெனிட்டா வெட்டாமல் அம்மாவை முறைத்தாள்.

“மத்தவுககிட்டயும் இப்படித்தான் ஆடுனியா? திரும்ப எடும்மா. ஒழுங்கா ஆடு.”

மெர்லின் என்னைப் பார்த்தார். வைத்த காயைத் திரும்ப எடுக்கக் கூடாதென்று காலையிலிருந்து இரண்டு பேரை அழவைத்தவன் நான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு என்ன கோளாறோ என்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன்.