வெளுக்காத லெமன் டீ

சசிதர் கிளாஸை மேசையில் வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்ண்ணா, இது லெமன் டீங்களா?"

"உங்க கண்ணு முன்னாலதானுங்க பழத்தப் புழிஞ்சேன்."

"புழிஞ்சீங்க, இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா வெளுக்கவே இல்லீங்களே. குன்னூர்ல புழிஞ்ச ஒடனே தேன் கலருக்கு வந்துருமுங்க. இது செங்கல்லக் கரைச்ச மாதிரியே நிக்குது."

சசிதர் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர். டாக்டர் பாலை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பன்னிரண்டு வருடமாக டீக்கடை போட்டிருக்கிறேன். என் டீயைக் குறை சொன்னவன் கிடையாது. 'வேலுமணி கடை டீன்னா கலருங்க' என்று பஸ்காரர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும்போதெல்லாம், கேட்காத மாதிரி பாய்லரைத் துடைப்பேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

நான் என்னதான் செய்யவில்லை? முதலில் பழத்தை டிகாஷனோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன். கஷாயம் மாதிரி கசந்தது. அடுப்பிலிருந்து இறக்கி, வடிகட்டி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு புழிந்தேன். கசப்பு போனது, கலர் போகவில்லை. கொட்டை நசுங்காமல் மெதுவாகப் புழிந்தேன். பழத்தை மாற்றினேன். போர் தண்ணீரை விட்டுவிட்டு கேன் தண்ணீரில் போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன், புதினா கிள்ளிப் போட்டேன், உப்பு ஒரு சிட்டிகை போட்டேன். நாட்டுச்சர்க்கரையில் கருப்பாகிறதோ என்று வெள்ளைச் சர்க்கரைக்கு மாறினேன். தூளைப் பாதியாகக் குறைத்தேன். சிவப்பு கொஞ்சம் இளைத்தது, ஆனால் சிவப்பு சிவப்புதான்.

"உங்க கை சரியில்லீங்க" என்றாள் மாசாணி. மாசாணியம்மாள் என் மனைவி, கடையில் போண்டாவும் பஜ்ஜியும் அவள் பொறுப்பு. காலையில் கடை திறந்ததும் முதல் டீயை அவள் குடித்து 'செரிங்க' என்று சொன்ன பிறகுதான் வியாபாரத்தை ஆரம்பிப்பேன். அவளும் கையைக் குறை சொன்னதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் புழிந்த மூடியைச் சாக்கடையில் வீசினேன்.

அந்த வாரம் தூள் தீர்ந்துபோனது. எங்களுக்குத் தூள் கொடுப்பவன் பிரவின்குமார், மாசாணியின் தம்பி. மேட்டுப்பாளையத்தில் மொத்தமாக வாங்கி, மூட்டை பிரித்து, கோவைக் கடைகளுக்குப் போடுகிறான். மூன்று வருடமாக அவன் தூள்தான். சனிக்கிழமை வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டான். அதுவரைக்கும் சமாளிக்க எதிர் மளிகையில் ஒரு பாக்கெட் தூள் வாங்கினேன்.

சசிதர் வந்தார். வெறுப்போடுதான் பழத்தைப் புழிந்தேன். நான்கு சொட்டு விழுந்திருக்கும். கிளாஸில் இருந்த சிவப்பு என் கண் முன்னாலேயே இளகி, பொன்னிறமாக வெளுத்தது.

"இதுதானுங்ண்ணா!" என்று அவர் துள்ளினார். நான் கிளாஸையும் மளிகைப் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அவர் போனதும் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த பழைய தூளைச் சுரண்டி எடுத்தேன். அதே தண்ணீரில், அதில் ஒன்றும் மளிகைத் தூளில் ஒன்றுமாக இரண்டு டீ போட்டேன். ஒரே பழத்தின் இரண்டு மூடிகளையும் கிளாஸுக்கு ஒன்றாகப் புழிந்தேன். மளிகைத் தூள் வெளுத்தது. பிரவின் தூள் வெளுக்கவில்லை. அப்புறம் இரண்டு கிளாஸில் பச்சைத் தண்ணீர் பிடித்து மேலாகத் தூளைத் தூவினேன். மளிகைத் தூள் சும்மா மிதந்தது. பிரவின் தூளிலிருந்து சிவப்புக் கோடு கோடாக இறங்கியது. பச்சைத் தண்ணீரில் எந்த டீ இறங்கும்? சாயம்தான் இறங்கும்.

பஸ்காரர்கள் புகழ்ந்த கலர் அது. நான் பெருமையில் பாய்லரைத் துடைத்த கலர் அது. என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாசாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். முகம் ஒருமாதிரி ஆனது, ஆனால் ஒரு நொடிதான்.

"ஒசத்தித் தூளு, அதான் ஒடனே எறங்குது."

"மாசாணி, பச்சத் தண்ணியில எறங்குது."

"எந்தம்பிய ஆரம்பத்துல இருந்தே உங்களுக்கு ஆகாதுங்க. எனக்குன்னு பொறந்த ஊட்டுல அவன் ஒருத்தன்தான் இருக்கறான். அதையும் இல்லாம பண்ணிப்போடாதீங்க."

அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எடுத்துச் சொன்னால் அவளுக்குத் தம்பி இல்லை. சொல்லாவிட்டால் நான் ஊருக்குச் சாயம் ஊற்ற வேண்டும். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மளிகைத் தூளிலேயே ஓட்டினேன். அவள் என்னோடு பேசவில்லை. போண்டாத் தட்டைக்கூட 'ணங்'கென்றுதான் வைத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பிரவின் வண்டியில் மூட்டையோடு வந்தான்.

"நல்லா இருக்கீங்களா மாமா? அக்கா, எனக்கு ஒரு பாலு."

அவன் எப்போதும் பால்தான் குடிப்பான். டீ உடம்புக்கு ஆகாது என்பான். அவனுக்காக மாசாணி ஆடை விழுந்த பாலாகத் தனியே எடுத்து வைப்பாள். நானும் எத்தனையோ பேரிடம், 'எங்க மாப்ள உடம்பைப் பாத்துக்கறவன்' என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தப் பால் எனக்கு உறைத்தது.

மூட்டையைப் பிரித்தேன். அவன் தூளிலேயே டீ போட்டு, பழம் புழிந்து, கலக்கி அவன் முன்னால் வைத்தேன். செக்கச்செவேலென்று இருந்தது.

"குடி மாப்ள. கடையில புதுசா லெமன் டீ போடறோம்."

"வேண்டாங்க மாமா. எனக்குப் பழக்கமில்லீங்க."

"ஒரே ஒரு வாய். கலரு எப்படின்னு சொல்லு."

"ஐயோ, வேண்டாங்க. அக்கட்டத் தள்ளி வைங்க."

பால் கிளாஸோடு வந்த மாசாணிக்கு நான் அவனைச் சீண்டுவது புரிந்துவிட்டது. பாலை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"அவனுக்கு வேண்டாம்னா உடுங்களேன். ஏன் பையனப் போட்டு வதைக்கறீங்க? குடுங்க இக்கட்ட, நாங் குடிக்கறேன்."

கிளாஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அக்கா, குடிக்காத!"

பிரவின் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. டீ தளும்பி அவள் சேலையில் சிந்தியது.

மாசாணி கிளாஸை இறக்கவில்லை. தம்பியையே பார்த்தாள்.

"ஏண்டா?"

அவன் பார்வை மூட்டைப் பக்கம் போனது.

"ஏன் குடிக்கக் கூடாதுங்கற?"

"இல்லக்கா... எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. கலரு இல்லீன்னா கடைக்காரங்க வாங்க மாட்டீங்கறாங்க..."

இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அவன் மேல் கொட்ட எனக்கு நாக்கு துடித்தது. மாசாணி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டேன்.

"கடை தொறந்ததும் மொத டீ நாந்தாண்டா குடிக்கறேன்" என்றாள். சத்தமே போடவில்லை. "மூணு வருசமா. நீ எத்தன தடவ எம் பக்கத்துல உக்காந்து பாலு குடிச்சுட்டே அதப் பாத்திருப்ப."

அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு கிளாஸைத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு அவன் தொடாத பாலை எடுத்துக்கொண்டு போய்ப் பால் சட்டியிலேயே திருப்பி ஊற்றினாள்.

"மூட்டைய எடுத்துட்டுப் போ."

போனான். வண்டிச் சத்தம் மறையும் வரை அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாய்ந்த ஸ்டூலை நிமிர்த்தினேன்.

"ஏனுங்க" என்றாள், திரும்பாமலே. "எனக்கு ஒரு டீ போடுங்க. பால் ஊத்தாதீங்க. பழத்த எங் கண்ணு முன்னால புழியுங்க."

மளிகைத் தூளில் போட்டு, அவள் எதிரிலேயே புழிந்தேன். வெளுத்து முடிகிற வரைக்கும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கையில் எடுத்தாள்.