ஒன்று கூட்டி

ஜக்கம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டாயிரத்து ஆறில், உத்தமபாளையத்துப் புதுக் கல்லூரி ஒன்றில் அவள் தற்காலிக நெட்வொர்க் ஆள். அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாணவர் லேப்பும் ஒரே வலையில் கிடந்ததால், பிள்ளைகள் கொண்டுவந்த வைரஸெல்லாம் அலுவலகம் வரைக்கும் போய் விருந்தாடிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரிக்க வேண்டும். ரவுட்டரிலோ வயர் செருக ஒரே ஒரு போர்ட்தான் மிச்சம். இன்னொரு ரவுட்டர் வாங்கலாம் என்று தாளாளர் அழகுமலை சொன்னபோது இவள் சும்மா இருந்திருக்கலாம்.

"வேணாம் சார், ஒரு வயரே போதும். குமுளி பஸ்ஸுல சின்னமனூர் ஆளும் கம்பத்து ஆளும் ஒண்ணாத்தான வாராக? டிக்கெட்டப் பாத்துக் கண்டக்டர் எறக்கிவிடல? அதே மாதிரி ஆபீஸுக்கு ஒரு நம்பர், லேப்புக்கு ஒரு நம்பர்."

"சரிம்மா. சாயங்காலத்துக்குள்ள ஓடுச்சுன்னா ஒன்னய நிரந்தரமாக்கிர்றேன். இல்லைன்னா மதுரைக் கம்பெனிக்காரவுகளக் கூப்புட்ருவேன்."

நிரந்தரம் என்றால் ஊரிலேயே இருந்துவிடலாம். சென்னைக் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கணவன் சுருளிவேலோ திராட்சைப் பந்தலை விட்டு நகர முடியாதவன். 'போயிட்டு வா' என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடாதவன்.

வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் நம்பர் போடும் வேலையை எலெக்ட்ரீஷியன் மொக்கைச்சாமியிடம் விட்டாள். ஆபீஸுக்குப் பத்து, லேப்புக்கு இருபது; ரவுட்டரிலும் இதே நம்பர் இருந்தால்தான் வேலை நடக்கும். அவள் ரவுட்டரில் உட்கார்ந்து, இருந்த ஒரு போர்ட்டின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்துப் பத்து, புள்ளி வைத்து இருபது என்று இரண்டு குட்டிப் போர்ட்டுகளை உண்டாக்கினாள். ஆளுக்கொரு நம்பர், ஆளுக்கொரு முகவரி. பதில் வருகிறதா என்று பிங் அடித்தாள்.

திரையில் ஐந்து புள்ளிகள். பதில் இல்லை என்று அர்த்தம். வயரை மாற்றினாள், அணைத்துப் போட்டாள், எழுதியதை வரிவரியாகப் பார்த்தாள். புள்ளி, புள்ளி, புள்ளி. மதியச் சோறு ஆறிப்போனது. அழகுமலை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் செல்போனைத் தடவிக்கொண்டே போனார். கடைசியில் மொக்கைச்சாமியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, சுவிட்சுல என்ன நம்பர் போட்டீக?"

"ஆபீஸுக்குப் பதினொண்ணு, லேப்புக்கு இருவத்தொண்ணு."

"நான் பத்து, இருவதுல்ல சொன்னேன்!"

"சொன்ன தாயி." மொக்கைச்சாமி நிதானமாகச் சொன்னார். "மொய் எழுதுனாக்கூட முட்டையில முடிக்க மாட்டோம். புதுசா ஆரம்பிக்கிற காரியத்துல முட்டை வைக்கலாமா? அதான் ஒண்ணு கூட்டி வச்சேன். கூடத்தான வச்சேன்?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ சிரிப்பு. கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். சுவிட்சை மாற்றச் சொன்னால் மனிதர் முகம் வாடிவிடும். தவிர, இன்றைக்கு நல்ல சகுனம் அவளுக்கும்தான் தேவைப்பட்டது. ரவுட்டரிலேயே நம்பரைத் திருத்தினாள். பதினொன்று. இருபத்தொன்று. பிங்.

புள்ளிகள் போய், திரை முழுக்க ஆச்சரியக்குறிகள்! லேப்புக்கும் அடித்தாள், அங்கேயும் ஆச்சரியக்குறிகள்!

அழகுமலை இரண்டு அறைக்கும் நடந்துபோய், இரண்டிலும் இணையம் வருவதைப் பார்த்துவிட்டு வந்தார். "திங்கக்கெழம வந்து ஆர்டர வாங்கிக்க" என்றார்.

வராந்தாவுக்கு ஓடிவந்து சுருளிவேலுக்குப் போன் போட்டாள். "மாமா, வேல நிரந்தரமாயிருச்சு. நான் சென்னைக்குப் போகல."

அந்தப் பக்கம் பந்தலுக்கடியில் யாரிடமோ அவன் கத்துவது கேட்டது. "ஏலே, எம் பொண்டாட்டி போகலயாம்லே! இங்கனயே இருக்காளாம்லே!"

போனை வைக்கவே மறந்துவிட்டான். ஜக்கம்மாவும் வைக்கவில்லை, அவன் ஒவ்வொருவரிடமாகச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே நின்றாள்.