எண்ணூருக்கு சைபர்

மங்கம்மா வாயைத் திறந்தால் ராயபுரம் மீன் மார்க்கெட்டில் காக்கா கூட ஓரமாய்ப் போய் உட்காரும். தராசில் விரல் வைக்கிற வியாபாரி, ஓசி மீன் கேட்கிற போலீஸ்காரர், யாரானாலும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பேர்ப்பட்டவள் அந்த வருஷம் ஆனி மாசம் ஒரு கரும்பலகைக்குப் பயந்துகொண்டிருந்தாள் என்றால் சிரிப்புத்தானே வரும்? சிரியுங்கள், பரவாயில்லை. மார்க்கெட்டே சிரித்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. ஃப்ளூ காய்ச்சல் கப்பலில் வந்து இறங்கியது என்றார்கள். எந்தக் கப்பல், எவன் கொண்டுவந்தான் என்று ஆளுக்கொரு கதை. வந்தது, ஹார்பர் கூலி, ரயில்வே கலாசி, மீன்காரி என்று பேதம் பார்க்காமல் வீடு வீடாய் ஏறி இறங்கியது. எந்தப் பேட்டையில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை சாவு என்று வாராவாரம் கணக்கெடுத்து, மார்க்கெட் வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட ஏற்பாடாயிற்று. ஜனங்கள் ஜாக்கிரதையாய் இருக்கட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். நம்ம ஜனங்களா! கிண்டியில் குதிரை ஜெயித்த கணக்காய்த் திங்கள்கிழமை காலையில் கூட்டம் கூடி, எந்த ஊர் முதல், எந்த ஊர் கடைசி என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் இடம் ராயபுரம். அதை யாரும் அசைக்க முடியவில்லை. அடுத்து திருவொற்றியூர், அப்புறம் காலடிப்பேட்டை. கடைசி வரியில் எண்ணூர். அதற்கு நேரே காய்ச்சலும் சைபர், சாவும் சைபர்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால், "எந்த ஊரு மீனு?" என்று முதல் கேள்வி வந்தது. ராயபுரம் என்றால் கதவு சாத்திக்கொண்டது. மங்கம்மா கொஞ்ச நாள் கூசாமல் "எண்ணூர் மீனும்மா" என்று சொல்லிப் பார்த்தாள். வயிற்றெரிச்சல்தான் மிச்சம். கூடையைக்கூட விடுங்கள், அவள் பயம் வேறே. அவளுடைய ஒரே மகள் மங்கையை எண்ணூர்க் குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் மாரியப்பன் மகன் பாஸ்கருக்கு நிச்சயம் பண்ணியிருந்தது. ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். போன வாரம் மாரியப்பன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான்: "உங்க பக்கம் நம்பர் ஜாஸ்தியா கீது. கொஞ்சம் எறங்கட்டும். ஆடி போவட்டும், ஆவணில பாத்துக்கலாம்."

தள்ளிவைத்த கல்யாணம் தட்டிப்போன கல்யாணம் என்பது மங்கம்மாவின் கட்சி. புருஷனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து தனியாய் வளர்த்த பெண். அந்தப் பெண்ணை நாட்டார் வீட்டு மருமகளாய் அனுப்புவது அவளுக்கு சாமி கும்பிடுகிற மாதிரி. அது போய்விடுமோ என்று ராத்தூக்கம் போயிற்று.

போதாக்குறைக்கு மங்கைக்கே காய்ச்சல். பாவம், அந்தப் பெண் உள்ளறையில் வலைக் குவியலுக்குப் பின்னால் பாயில் சுருண்டு கிடந்தது. அக்கம்பக்கம் கேட்டால், காலடிப்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பதில். டாக்டர் வேன் தெருமுனைக்கு வந்து மாத்திரையும் ஊசியும் தந்துகொண்டிருந்தது. ஆனால் வரிசையில் நிறுத்தினால் ஊர் பார்க்குமே, பார்த்த வாய் எண்ணூர் வரைக்கும் பேசுமே! மங்கம்மா நிலவேம்புக் கஷாயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டு, மாரியாத்தாளை வேண்டிக்கொண்டாள்.

கணக்கெடுக்கிற கோதண்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான். தற்காலிக உத்தியோகம், நல்ல மனுஷன், மங்கம்மாவைக் கண்டால் மட்டும் கொஞ்சம் உதறல்.

"அக்கா, வூட்ல யாருக்குனா காய்ச்சல் கீதா?"

"எங்க வூட்ல இன்னா காய்ச்சல்? வேற வேலையில்ல ஒனக்கு?"

உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது. நன்றாய், நீளமாய் வந்தது.

"அது இன்னாக்கா?"

"பூன."

"பூனைக்கா இருமலு?"

"ஏன், பூனைக்கு இருமக் கூடாதுன்னு ஒங்க ஆபீஸ்ல சட்டம் போட்டுகிறாங்களா?" என்றாள் மங்கம்மா, இடுப்பில் கை வைத்து.

அந்தக் கை இடுப்புக்குப் போனால் மேலே பேசக் கூடாது என்பது மார்க்கெட் பாலபாடம். கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு நகரப் பார்த்தான். மங்கம்மா விடவில்லை.

"இரு நைனா. எண்ணூருக்கு சைபர் போட்டுகினே கீறியே, ஒரு தபாவாவது எண்ணூருக்குப் போயி பாத்தியா?"

கோதண்டம் சைக்கிள் டயரைப் பார்த்து மெதுவாய்ச் சொன்னான். "திருவொத்தியூர் வரிக்கும் சைக்கிள்ல போவேன்கா. அப்பால மணல்ல டயர் பொதயுது. நாட்டார் டீக்கடைக்கு வருவாரு, அவராண்ட கேட்டுப்பேன். ஒண்ணும் இல்லன்னுவாரு. நானும் சைபர் போட்டுடுவேன்."

"அடப்பாவி! டீக்கடைல ஒக்காந்துகினா எண்ணுன?"

அவ்வளவுதான். மங்கம்மாவுக்கு சாமி வந்த மாதிரி ஆயிற்று. எண்ணூரிலும் நாலு பேருக்காவது காய்ச்சல் இருந்தே தீரும், அதைப் பலகையில் ஏற்றிவிட்டால் மாரியப்பன் எந்த மூஞ்சியோடு கல்யாணத்தைத் தள்ளுவான்? மறுநாள் காலை மங்கைக்குத் தலைமாட்டில் கஞ்சியும் தண்ணீரும் வைத்தாள். பெண்ணுக்கு மூச்சு சீழ்க்கை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. "ரவ நேரம் கண்ணு, சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லி, யாரும் எட்டிப் பார்க்காதபடி வெளியே பூட்டி, கோதண்டத்தை இழுத்துக்கொண்டு எண்ணூர் ரயிலில் ஏறினாள். ஆபீசில் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னது போதும், கோதண்டம் கணக்கு நோட்டோடு கூடவே வந்தான்.

எண்ணூர்க் கரையில் வலைக் கொட்டகையில் மாரியப்பன் உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"வாங்க சம்மந்தியம்மா! இன்னா திடீர்னு?"

"சொம்மாதான். சைபர் ஊரு எப்டி கீதுன்னு கண்ணால பாத்துட்டுப் போலாம்னு. மாப்ள எங்க?"

"கடலுக்குப் போயிகிறான்."

மங்கம்மா கடலைப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே பறவைக் கூட்டம் தொப்புத் தொப்பென்று தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. மீன் மேலே வந்திருக்கிறது. இப்படி ஒரு நாளில் எந்தக் கடல்காரனும் கரையில் இருக்க மாட்டான், பெண்டாட்டி பிரசவத்தில் இருந்தாலும் போய்விட்டுத்தான் வருவான். ஆனால் தண்ணீரில் ஒரு கட்டுமரம் இல்லை. அத்தனையும் கரையில், கட்டு அவிழ்த்துக் கட்டை கட்டையாய்க் கிடந்தன. உப்புப் பூத்து வெளுத்துப்போகிற அளவுக்குக் காய்ந்திருந்தன.

"எதுல போனாரு மாப்ள? நீஞ்சிகினே போனாரா?"

மாரியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பேச்சை மாற்றினான். "நம்ம மங்கை நல்லா கீதா?"

"அதுக்கு இன்னா, காலடிப்பேட்டைல அத்தை வூட்ல ஜம்முனு கீது."

ஜாடிக்கேத்த மூடிதான், போங்கள். இப்படி ஒரு சம்பந்தம் எந்தத் தரகனாலும் அமைத்துத் தர முடியாது. அந்த நேரம் பார்த்து நாட்டார் வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது.

"ஆடு" என்றான் மாரியப்பன், யாரும் கேட்காமலே.

கோதண்டம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். ராயபுரத்துப் பூனைக்கும் எண்ணூர் ஆட்டுக்கும் ஒரே வியாதி போலிருக்கிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மங்கம்மா ஆட்டையும் பூனையையும் பற்றி யோசிக்கவில்லை. விடுவிடுவென்று போய்த் தட்டியை விலக்கினாள். உள்ளே பாஸ்கர் கிடந்தான். கண் சிவந்து, உதடு வெடித்து, மாமியாரைப் பார்த்து எழுந்திருக்கக்கூட முடியாமல் வேட்டியை மட்டும் சரிபண்ணிக்கொண்டான். அடுத்த குடிசையில் ரெண்டு பேர். அதற்கடுத்ததில் குடும்பமே. மங்கம்மா தட்டி தட்டியாய் விலக்கிக்கொண்டு போக, கோதண்டம் பின்னாலேயே எழுதிக்கொண்டு வந்தான். பக்கம் தீர்ந்து மறுபக்கம் திருப்பினான். சொல்ல வெட்கமாய் இருக்கிறது, மங்கம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாய் இருந்தது. ராயபுரத்தையே முந்திவிடும் போலிருக்கிறதே! மாரியப்பனைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார்பண்ணி வைத்திருந்தாள்.

கோதண்டம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வழக்கமாய்க் கேட்கிறதைக் கேட்டான். "நாட்டாரே, சாவு எதுனா?"

மாரியப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு, "நாலு" என்றான்.

"காய்ச்சலே இல்லாத ஊர்ல நாலு சாவா?" என்றான் கோதண்டம்.

வேறு நாளாயிருந்தால் இதற்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"என் தம்பி பொஞ்சாதி தாயம்மா ஒண்ணு" என்றான் மாரியப்பன். "கைக்கொழந்தக்காரி. அப்பால மூணு பேரு. ராவோட ராவா மண்ணுல வெச்சிட்டோம். மொதல்ல மீனு போவாதுன்னு ஒரு சைபர் சொன்னேன் கோதண்டம். அப்பால அந்த சைபரக் காப்பாத்தறதே எனுக்குப் பொழப்பாப் பூட்ச்சி."

"நம்பர் எங்க கீதோ அங்கதான வேன் வரும் நாட்டாரே! சைபருக்கு எவன் ஊசி எத்துகினு வருவான்?" என்றான் கோதண்டம்.

மாரியப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். ஊருக்கே நியாயம் சொல்கிற மனுஷன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான். மங்கம்மா தயார்பண்ணி வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் மங்கை இழுத்த மூச்சு காதில் கேட்டது. பூட்டின கதவு கண்ணில் வந்தது. தாயம்மாவும் இப்படித்தானே ஒரு தட்டிக்குப் பின்னால் கிடந்திருப்பாள்? கோதண்டத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கோதண்டம், ராயபுரத்துலயும் ஒண்ணு சேத்து எழுது."

"யாருக்கா?"

"அந்தப் பூன" என்றாள் மங்கம்மா. "என் பொண்ணு நைனா. பூட்டி வெச்சிட்டு வந்துகிறேன், பாவி நானு."

மாரியப்பன் துண்டை இறக்கி அவளைப் பார்த்தான். கோபப்படவில்லை. "அப்ப இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க? கெளம்புங்க சம்மந்தியம்மா, கெளம்புங்க" என்று அவனே ஸ்டேஷன் வரைக்கும் ஓடி வந்தான்.

ராயபுரத்தில் வேன் டாக்டர் வீட்டுக்கே வந்து மங்கைக்கு ஊசி போட்டுவிட்டு மங்கம்மாவைத் திட்டின திட்டு இருக்கிறதே, மார்க்கெட்டில் அவளே யாரையும் அப்படித் திட்டியதில்லை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் என் கையில் இல்லை என்றார். மங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் வேன் எண்ணூருக்குப் போயிற்று. மங்கைக்கு மெல்ல மெல்ல மூச்சு சீராகி, ஒரு நாள் வஞ்சிரம் குழம்பு கேட்டாள். பாஸ்கரும் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. கல்யாணத்தை ஆவணிக்கே வைத்துக்கொள்ளலாம், தாயம்மா காரியம் ஆகட்டும் என்று மங்கம்மாவே சொல்லியனுப்பினாள்.

எண்ணூர் போய்வந்ததற்கு அடுத்த திங்கள்கிழமை பலகை முன்னால் கூட்டம். எண்ணூர் முதல் இடத்துக்கு வந்துவிட்டது, சாவும் நாலு என்று ஒருவருக்கொருவர் விரல் நீட்டிக் காட்டினார்கள். அடுத்து ராயபுரம் வரியைப் பார்த்தார்கள்.

மங்கம்மாவின் பக்கத்துக் கடைக்காரி பிலோமிதான் முதலில் கத்தினாள். "அட இன்னாய்யா இது! போன வாரத்து நம்பருக்கு மேல ஒண்ணு ஜாஸ்தியா கீது! எவ அவ, நம்ம ஊரு பேரக் கெடுக்கறவ? ஏற்கெனவே மீனு போவாம நாறுது!"

"ஆமா, எவ அவ?" என்று நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது.

மங்கம்மா கூடையைக் கீழே வைத்தாள். கை இடுப்புக்குப் போனது. காக்காய்கள்கூட நகர்ந்தன.

"நான்தான். அந்த ஒண்ணு எம் பொண்ணு மங்கை. காலடிப்பேட்டையும் இல்ல, அத்த வூடும் இல்ல, எல்லாம் புளுகு. வலைக்குப் பின்னால போட்டுப் பூட்டி வெச்சிருந்தேன். எழுதினதால இன்னிக்கு உசுரோட கீது. யாருக்குனா இன்னாத்துக்கு எழுதினேன்னு கேக்கணுமா? கேளு."

கோதண்டம் சாக்பீஸைக் கையில் வைத்தபடி நின்றான். கூட்டம் மெதுவாய்க் கலையப் பார்த்தது. பிலோமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்க்காமல், பலகையையும் பார்க்காமல், கோதண்டத்தின் காலைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வூட்ல மூணு பேரு கீறாங்க."