பத்திலிருந்து லாபம் வரை

பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்கு நான் மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். தச்சநல்லூர் கல்யாண மண்டபத்தில் பத்தாயிரம் பேர் கூடியிருந்தார்கள் என்று எழுத ஆசைதான். எண்ணினால் அறுபது தேறும். அதில் பாதி சுண்டலுக்கு வந்த கூட்டம். தாலுகா ஆபீசில் முப்பத்திநாலு வருசம் பட்டா எழுதிய என் கை, ஓய்வு பெற்றதும் நாடகம் எழுதியது. நம் முதல் ராக்கெட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போய் வானத்துக்கு அனுப்பியவர்களின் கதை. உலகத் தரம். சொன்னது நான்தான்.

அண்ணாச்சி நெல் மண்டிக்காரர். பத்திலிருந்து கீழே எண்ணி முடித்துப் பொத்தானை அமுக்கும் விஞ்ஞானி வேடத்தைக் கேட்டு வாங்கினார். மகள் விஜயஸ்ரீ மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கும் இன்ஜினியர். வேறு சாதியில் கட்டினாள் என்று ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. போன வருசம் தாய் உலகம்மாள் இறந்தபோது வாசலில் வந்து நின்றவளை இவர் உள்ளே விடவில்லை. தாய் முகம் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

“வருவாளா வே?”

“நானே போய்க் கூப்பிட்டிருக்கேன் அண்ணாச்சி. வாரேன்னு சொன்னா. நீரு எண்ணுறதுல தப்பிராதேயும்.”

“நாப்பது வருசமா எண்ணித்தானவே சோறு திங்கேன்.” பிறகு பைய, “மன்னிப்பு கேக்க வாய் வரமாட்டேங்கு. இதப் பாத்தாவது தெரிஞ்சிக்கிடட்டும்” என்றார்.

கடைசிக் காட்சியில்தான் அவளைப் பார்த்தார். பின்வரிசையில், ஓரமாக. அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே “பத்து... ஒம்பது...” என்று இறங்கி வந்தார். “மூணு. ரெண்டு. லாபம்.”

நெல் அளக்கிற வாய் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாது. லாபம் என்றுதான் சொல்லும். மண்டபம் சிரித்த சிரிப்பில் தாமிரபரணி கரை புரண்டது. நானும் சிரித்தேன். விஜயஸ்ரீயும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன, சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. எழுந்து வெளியே போனாள்.

அண்ணாச்சி பொத்தானை அமுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வெள்ளைக் கோட்டோடு நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும்.

வாசலில் அவள் ஸ்கூட்டரில் ஏறி ஹெல்மெட் மாட்டியிருந்தாள். பத்தடி தள்ளி நின்றார்.

“அம்மாவ...” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

உள்ளே மேடை ஓரத்தில் கயிறு பிடித்திருந்த பையன் செந்தில்முருகன் பொறுத்துப் பார்த்து அட்டை ராக்கெட்டை மேலே இழுத்துவிட்டான் போல, கைதட்டல் கேட்டது. அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். வண்டியைக் கிளப்பவில்லை.