இடது பக்கத்து ஆள்

“குதிரையா? சாவு வீட்டுக்கா?” பெரியப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“வீட்டுக்கு இல்ல பெரியப்பா, இடுகாட்டுக்கு” என்றாள் அவள், ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே.

பிறந்ததிலிருந்தே அவளுடைய கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. இடுகாட்டு மணலில் சக்கர நாற்காலி புதையும். போன வருஷம் அம்மாவை அடக்கம் பண்ணியபோது அவளை கேட்டிலேயே நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அப்பாவையும் கேட்டிலிருந்து வழியனுப்ப அவளுக்கு மனசில்லை.

“நாங்க நாலு பேர் தூக்கிட்டுப் போறோம்மா.”

“இன்னிக்கு அப்பாவைத் தூக்குங்க, போதும்.”

அவள் சவாரி பழகும் சிகிச்சை மையத்துக் குதிரை வீட்டு வாசலில் வேனிலிருந்து இறங்கியது. வயசானது, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதது. அவளை மேலே ஏற்றி உட்காரவைத்துவிட்டுப் பயிற்சியாளர் கடிவாளத்தைப் பிடித்தார். வலது பக்கம் உதவியாளர் நின்றார். இடது பக்கம் காலியாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அங்கே அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் பெட்டிக்குள் இருந்தார்.

“ரெண்டு பக்கமும் ஆள் இல்லாம குதிரை நகராது” என்றார் பயிற்சியாளர் கறாராக.

எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். தெருநாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போகிற பெரியப்பா, திட்டிக்கொண்டே வந்து அவள் கணுக்காலைப் பிடித்தார்.

“கடிக்குமா?”

“நீங்க கடிக்காம இருந்தா சரி.”

குதிரை ஆடி அசைந்து நடந்தது. முன்னால் போன சவ வண்டி மூன்று தடவை நின்று காத்திருந்தது. “நான் செத்தா கொஞ்சம் சீக்கிரமா கொண்டு போங்கப்பா” என்று பெரியப்பா முனகினார்.

“பெரியப்பா, பிடி வலிக்குது.”

“எனக்குந்தான் வலிக்குது. பேசாம வா.”

இடுகாட்டில் குழியருகே யாரோ அவள் கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார்கள். அவள் விரல்கள் நினைத்த நேரத்தில் திறக்காது. குதிரைமேல் உட்கார்ந்தபடி கூடையில் பந்து போட மையத்தில் பழக்குவதே அதற்காகத்தான். பாதி நாள் பந்து வெளியில்தான் விழும். இன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களைப் பிரித்தாள். மண் நேராகப் பெட்டியின்மேல் விழுந்தது.

“சபாஷ்! இன்னொண்ணு!” என்று பயிற்சியாளர் பழக்க தோஷத்தில் கத்திவிட்டார்.

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. பயிற்சியாளர் வாயைப் பொத்திக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா இருந்திருந்தால் கை தட்டியிருப்பார் என்று நினைத்ததும் அழுகையும் கூடவே வந்தது.

பெரியப்பா யாரையும் பார்க்கவில்லை. கணுக்காலில் இருந்த ஒரு கையை எடுக்காமலே, மறு கையைக் குழியோர மண்குவியலுக்குள் விட்டு அவளுக்கு இன்னொரு பிடி அள்ளினார்.