தணிகைவேலுக்கு மீன் ஆகாது

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்காத சோம்பேறித்தனம். நான் கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்வாசி. ஒழிந்த நேரத்தில் கதை எழுதுபவன். என்னை நம்புகிறவர்கள் குறைவு. யோகேஸ்வரி நம்பினாள்.

2

முதல் தொடக்கம்: அன்று கடல் ஏனோ

(வேண்டாம். கடல் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை.)

இரண்டாவது: எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் யோகேஸ்வரி, கணவன் தணிகைவேலின் டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினாள். செங்கல்பட்டில் குடல் ஆபரேஷன். வயிற்றில் ஒரு சாண் தையல். சீட்டு முழுக்க இங்கிலீஷ்.

"இன்னா சார் எழுதிக்கீது?"

"அமினோ ஆசிட் பவுடர். தினம் ரெண்டு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுக்கணும். புண் ஆறுறதுக்கு."

"கிழங்கான் மீன் கொழம்பு வெக்கலாமா? நோவு கண்டவங்களுக்கு நாங்க அதான் குடுப்போம்."

"மீனைப் பத்தி ஒண்ணும் எழுதலையேம்மா. எழுதினதை மட்டும் குடுங்க."

எழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

3

மீனை மட்டுமா நிறுத்தினாள்? முட்டை, பருப்பு என்று எழுதாததை எல்லாம் நிறுத்தினாள். கஞ்சியும் பவுடரும்தான். வாசனை பட்டால் புருஷன் ஏங்கிப்போவான் என்று அடுப்பிலேயே மீன் ஏற்றவில்லை. காலையெல்லாம் மீன் விற்றுவிட்டு, மத்தியானம் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அவளும் கஞ்சி குடித்தாள்.

(இங்கே வாசகர் சிரிக்க வேண்டும் என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.)

நாற்பது நாளாகியும் தையலோரம் நீர் கசிந்தது. ஆள் ஈர்க்குச்சியாகிவிட்டான். கடலுக்குப் போக ஆளில்லாமல் அவன் படகு மணலில் கிடந்தது.

4

இன்று அதே சீட்டோடு வந்தாள், அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி கேட்க. தேதி பின்பக்கம் இருந்தது. அதற்கு மேலே: மீன், முட்டை, பருப்பு தாராளமாகச் சாப்பிடவும், பவுடர் இவற்றோடு கூடுதலாக.

அடப்பாவி, என்றேன் எனக்குள். காதெல்லாம் சுட்டது.

"தேதி இன்னா சார்?"

"வியாழக்கிழமை."

கூடையிலிருந்து நாலு கிழங்கானை எடுத்து என் கையில் வைத்தாள். "காத்தால வலையில வந்தது. அவருக்குத்தான் ஆவாது, நீங்க சாப்டுங்க சார். நீங்க மட்டும் சொல்லலைன்னா தெரியாம குடுத்துருப்பேன்."

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவள் இனி என்னிடம் எதையும் படிக்கக் கொடுப்பதில்லை.

முடிவு இரண்டு: "டாக்டர் இப்ப மீன் குடுக்கலாம்னு மாத்திட்டாரும்மா" என்கிறேன். அவன் பிழைக்கிறான், நானும் நல்லவனாகவே இருக்கிறேன்.

முடிவு மூன்று: மீனை வாங்கிக்கொண்டு

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. யோகேஸ்வரி வாசலில்தான் நிற்கிறாள். சீட்டின் பின்பக்கத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.