மாரிட் சொன்ன ‘வேண்டாம்’

வின்ஸ் கார்டெல்லா அந்தக் காகிதத்தை மேசைக்குக் குறுக்கே தள்ளியதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அரசு அலுவலகங்கள் பூட்டிக் கிடந்த ஜூலை மாதம் அது. புதிய வரியை நாங்கள் கைவிட்டால், வீட்டுப் பராமரிப்பாளர்களின் சம்பளத்தை முழுதாகத் தருவதாக எதிர்த்தரப்புத் தலைவரான அவர் எழுதியிருந்தார். எங்கள் கட்சித் தலைவி மாரிட் ஹாக்லண்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவள் தம்பி ஆர்னே சக்கர நாற்காலிக்காரன். தினமும் வந்து அவனைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கும் பெண், சம்பளம் நின்றுபோனதால் இப்போது வருவதில்லை.

"அய்யோ, அவ்வளவெல்லாம் வேணாம் வின்ஸ்," என்றாள் மாரிட். "உங்க ஆளுங்களுக்குச் சங்கடமாயிடும்."

எங்களுக்குப் புரிந்துவிட்டது, சம்மதம் என்று. ஒரு வாய் காப்பியானாலும் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதுதான் எங்கள் ஊர் மரியாதை. முதல் தடவையே கை நீட்டுகிறவனைப் பெற்றவர்கள் எப்படி வளர்த்தார்கள் என்று கேட்பார்கள். வின்ஸ் மறுபடி கேட்டார். அவள் மறுபடி மறுத்தாள். நான் பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். ஆனால் மனிதர் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாங்கள் நிராகரித்துவிட்டதாக மாலையில் தொலைக்காட்சியில் சொன்னார்.

மேடை கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுகிற கூட்டம் நாங்கள். ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாமல் மாநிலத்தையே பூட்டி வைத்திருந்தோம். எனக்கு மாரிட் மேல் எரிச்சலாக வந்தது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை தாழ்வாரத்தில் ஆர்னேயோடு போனில் பேசிவிட்டு வந்தாள். ஒரு குறையும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்று அதுவரை சொல்லிவந்தவன் அவன். நான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள், இன்னும் இரண்டு முறை கேட்கவேண்டியிருக்கும் என்ற நினைப்பில்.

"மொதத் தடவையே ‘வா’ன்னுட்டான்," என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நேராக வின்ஸின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெயில், மழை, கொசு என்று எதுவும் விசாரிக்காமல் அவள் பேச்சைத் தொடங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"நேத்து நீங்க குடுத்தது எனக்கு வேணும்."

"நேத்து வேணாம்னீங்களே. ரெண்டு தடவை."

"மூணாவது தடவையும் கேப்பீங்கன்னு இருந்தேன்."

வின்ஸ் என்னைப் பார்த்தார், விளையாட்டா என்பதுபோல. இல்லையென்று தலையாட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் ராத்திரியோடு இறுகிப்போயிருந்தார்கள். இப்போது இன்னும் கூடுதலாகக் கேட்கிறார்களாம்.

"திரும்பப் போய் நின்னா என்னைக் கடிச்சுத் தின்னுருவாங்க. நெசமாவே வேணுமா?"

"வேணும்."

"வரிய விட்டுருவீங்களா?"

"விட்டுர்றேன்."

வின்ஸ் இன்னொரு முறையும் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக. அவள் ஆமென்று தலையாட்டினாள்.

பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு வின்ஸ் தன் ஆட்கள் இருந்த எதிர் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நாற்காலிகள் இழுபட்டன, யாரோ கத்தினார்கள். அதற்கு நடுவே தணிந்த குரலில் வின்ஸ் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். மாரிட் அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.